ஓடாத வண்டி

— அப்பா, ஸ்கூட்டர் சாவியைக் கொடுங்க.

— ஏங்க, இன்னும் கொஞ்சம் சோறு போடட்டா?

— அம்மா, பேச்சை மாத்தாதே. அப்பா, உங்களைத்தான் கேக்கறேன். சாவி.

— நான் உன்கிட்ட படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லையாடி? எதை வேணாலும் கேளு, அந்த வண்டியை மட்டும் அப்பாகிட்ட கேக்காதேன்னு?

— சொன்னே. நான் பொறந்ததுலேர்ந்து நீ எனக்குச் சொல்லிக் கொடுத்தது அது ஒண்ணுதான். பக்கத்து வீட்ல கேக்காதே, வாத்தியார்கிட்ட கேக்காதே, அப்பாகிட்ட கேக்காதே. கேக்காம கேக்காமத்தான் டிகிரி வரைக்கும் வந்து சேர்ந்தேன். இன்னிக்கு ஒரே ஒரு தடவை கேக்கறேன்.

— இந்தா, அந்த உப்பு டப்பாவை இப்படித் தள்ளு. யாரு இதை மூடாம வச்சது? கசிஞ்சு கூழா நிக்குது பாரு.

— அப்பா, நான் உப்பைப் பத்திப் பேசல.

— இந்த ஊர்ல எதைப் பத்திப் பேசினாலும் அது உப்புலதான் போய் நிக்கும் பாப்பா. உங்க அம்மா கல்யாணம் ஆகி வந்த புதுசுல, ஒரு நாள் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு ஓன்னு அழுதா. நேத்து கொட்டி வச்ச உப்பு இன்னிக்குத் தண்ணியா நிக்குது, இந்த வீட்ல ஏதோ சரியில்லன்னு. அப்புறம் நான்தான் நாலு அரிசியை உள்ளே போட்டு...

— ஐயோ, அந்தக் கதையை விடுங்களேன். ஊர் பூரா சொல்லியாச்சு, இவளுக்கும் நூறு தடவை சொல்லியாச்சு.

— சரி, உப்பை விடுங்கப்பா. டிகிரி முடிச்சா வண்டி உனக்குன்னு சொன்னது யாரு?

— நான்தான்.

— முடிச்சேனா?

— முடிச்சே. உங்க அம்மா பக்கம், என் பக்கம், ரெண்டு பக்கமும் காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆளு நீதான். கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போற வீட்ல எல்லாம் சொல்லியாச்சு. அந்த வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும்.

— வண்டி வாங்கினீங்களா?

— வாங்கினேன்.

— எங்கே அது?

— பின்னாடி கொட்டகைல. உறைக்குள்ள. பத்திரமா.

— பத்திரமா! பொணத்தை மூடி வச்ச மாதிரி.

— சோத்துக்கு முன்னாடி உக்காந்துக்கிட்டுப் பேசற பேச்சாடி இது?

— வேற எப்படிம்மா பேச? காலைல ரத்த டெஸ்ட்டுக்கு வர்றவங்க முந்தின ராத்திரியிலேர்ந்து பச்சைத் தண்ணியோட வந்து உக்காந்திருக்காங்க. ஆஸ்பத்திரி லேப்பைத் திறக்க வேண்டியது நான். நான் எங்கே இருக்கேன்? பாலத்துக்கு இந்தப் பக்கம், பஸ்ஸுக்குள்ள. ராத்திரி காத்துல பாலம் பூரா மணல் ஏறிக் கிடக்குது, அதை வாரிக் கொட்டற வரைக்கும் பஸ் நகராது. ஸ்கூட்டர்ல போறவன் எல்லாம் ஓரமா உருட்டிக்கிட்டு எங்களைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே போறான். போன வாரம் ஒரு சர்க்கரைக்காரர் லேப் வாசல்லயே மயங்கி விழுந்துட்டார். நான் அப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கறேன். பல்லு உடைஞ்சு போச்சுப்பா அந்த மனுஷனுக்கு.

— அடப்பாவமே.

— பாவம்னு சொன்னா போதாதுப்பா. மேடம் நேராவே சொல்லிட்டாங்க. ஒண்ணு, நேரத்துக்கு வா. இல்ல, ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல வந்து தங்கு. ரெண்டும் முடியலன்னா வேற பொண்ணைப் பார்த்துக்கறேன்னு.

— ஹாஸ்டலா? அதெல்லாம் எதுக்கு? வீட்ல சோறு இல்லையா, பாய் இல்லையா?

— வீட்ல ஸ்கூட்டர் இருக்கு. அதான் கேக்கறேன்.

— பாப்பா, கேட்டுக்கோ. ஆஸ்பத்திரிக்குப் போற ரோடு பாதி தூரம் கடலை ஒட்டியே போகுது. அலை அடிச்சா மூஞ்சியில தெறிக்கும். அந்த ரோட்ல ஒரு மழைக்காலம் ஓட்டினா போதும், சைலன்ஸர் அடியில சல்லடையாயிடும். தகரத்துக்கு நோவு வந்தா மாத்திரை கிடையாது. நீயே பார்த்திருக்கே, மூணாவது தெரு கம்பவுண்டர் கார்ல ஏறினா ரோடு தெரியும், கால் வைக்கற இடத்துல.

— நான் ஓட்டிட்டு வந்து தினமும் கழுவறேன்.

— எந்தத் தண்ணில? நம்ம கிணத்துத் தண்ணிலயா? அது அதைவிட உப்பு.

— குடிக்கற தண்ணில கழுவறேன்.

— குடிக்கற தண்ணில வண்டி கழுவறதா? உங்க அம்மா அதுல சோறு வைக்கறதா, நீ அதுல டயர் கழுவறதா?

— அப்பா, ஊருக்கு நீங்க என்ன சொல்றீங்கன்னு எனக்குத் தெரியாதா? கோடி வீட்டு டீச்சர்கிட்ட நீங்க சொன்னதை நான் காதால கேட்டேன். "ஓடற இரும்பு துருப்பிடிக்காது டீச்சர், சும்மா கிடக்கறதைத்தான் உப்பு திங்கும். ஃபேனைத் தினமும் போடுங்க, தாழ்ப்பாளைத் தினமும் திறங்க, தையல் மிஷினை நாலு மிதி மிதிங்க." சொன்னீங்களா இல்லையா?

— சொன்னேன்.

— அப்ப?

— அது ஊருக்குச் சொல்றது.

— ஏங்க, அவ உங்களை மடக்கிட்டா.

— நீ வேற சிரிக்கறியா? ... இந்தா, ஜன்னல் பக்கம் பாரு. திரை உள் பக்கமா வருதா?

— ஆமாங்க, உள்ளதான் வருது.

— காத்து திரும்பிடுச்சு. மாடில துணி கிடக்குது. இனி ஒரு நிமிஷம் விட்டாலும் பிசின் தடவின மாதிரி ஆயிடும். நான் போய் எடுத்துட்டு வந்துடறேன்.

— நான் போறேங்க.

— நீ சாப்பிடு. முட்டி வலியோட படி ஏறாதே. தலையணை எல்லாம் வேற காயப் போட்டிருக்கேன்.

— பார்த்தியா அம்மா? ஓடிட்டார். பதில் சொல்ல முடியலன்னா இவருக்குக் காத்து திரும்பிடும். எத்தனை வருஷமா திரும்புது அந்தக் காத்து!

— விடுடி. பாவம், வெயில்ல நின்னு உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு தேய்ச்சு அந்தக் கை ரெண்டும் மரமாயிடுச்சு. அவர் ஆசையா ஒரு பொருளை வச்சிருக்கார், வச்சுக்கட்டுமே.

— அது அவர் பொருள் இல்ல. என் பொருள்.

— ஏய், எங்கே போறே? எச்சில் கையோட?

— கொட்டகைக்கு.

— வேண்டாம்டி. உறையைத் தொடாதே. அவர் ஒரு மாதிரி முடிச்சு போட்டு வச்சிருப்பார், பிரிச்சா தெரிஞ்சுடும்.

— தெரியட்டுமே. நீ அங்கேயே நில்லு. ... இந்தா, பிரிச்சாச்சு. ஐயோ, இங்க வந்து பாரேன்! கண்ணாடிக் கம்பிக்கு சாக்ஸ் மாட்டி விட்டிருக்கார்! என் ஸ்கூல் சாக்ஸ்மா இது!

— உப்புக் காத்து படாம இருக்கணுமாம்.

— போல்ட் போல்ட்டா எண்ணெய் தடவியிருக்கார். எனக்குக்கூட இப்படித் தலைக்கு எண்ணெய் வச்சதில்ல இந்த மனுஷன். ஒரு புள்ளி துரு இல்ல. ஷோரூம்ல நின்னது மாதிரியே... இரு.

— என்ன?

— அம்மா, இங்க வா.

— எனக்கு வண்டியைப் பத்தி என்னடி தெரியும்.

— வாயேன். முன் சக்கரத்துல வட்டமா ஒரு தட்டு இருக்குல்ல, இதான் டிஸ்க். பிரேக் பிடிச்சா கவ்வற இடம். வண்டி பூரா எண்ணெய் போட்டாலும் இதுல மட்டும் ஒரு சொட்டு படக்கூடாது, பட்டா பிரேக் வழுக்கும்னு அப்பாதான் எனக்குச் சொன்னார். எண்ணெய் படாத இரும்பு நம்ம ஊர்ல ரெண்டு ராத்திரி சும்மா நின்னா என்ன ஆகும்?

— என்ன ஆகும்?

— உனக்குத் தெரியாதா? செங்கல் பொடி தூவின மாதிரி ஆயிடும். இது எப்படி இருக்கு?

— பளபளன்னு இருக்கு.

— முகம் தெரியுது இதுல.

— அப்பா துடைச்சிருப்பார்.

— துணி போட்டுத் துடைச்சா போற துரு இல்லம்மா இது. பிரேக் பிடிச்சு, உரசி, தேஞ்சாத்தான் இப்படி மின்னும். இந்த வண்டி ஓடுது. நேத்து இல்லாட்டி முந்தாநாள் ஓடியிருக்கு.

— நீ என்னடி போலீஸ்காரி மாதிரி...

— அட, கிழவா! எனக்கு இல்லன்னு சொல்லிட்டு, யாருக்கும் தெரியாம இவரே ஓட்டிக்கிட்டு இருக்காரா? அப்பா! கீழே இறங்கி வாங்க!

— கத்தாதே! உனக்குக் கோடி புண்ணியமாப் போகும், கத்தாதேடி. அவர் இல்ல.

— பின்னே?

— அவருக்குச் சைக்கிளை விட்டா என்ன ஓட்டத் தெரியும்? ஆக்ஸிலேட்டர் எந்தக் கைன்னுகூடத் தெரியாது.

— அப்ப யாரு? நம்ம வீட்ல இருக்கறதே மூணு பேரு. நான் இல்ல. அவர் இல்ல. ... அம்மா?

— மெதுவா பேசு.

— நீயா?

— மெதுவாப் பேசுன்னு சொல்றேன்ல. மேல நிக்கறார்.

— நீ ஸ்கூட்டர் ஓட்டுவியா?

— கல்யாணத்துக்கு முன்னாடி தம்பி வண்டியை ஓட்டியிருக்கேன். எங்க ஊர்ல அப்ப அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல. இங்க வந்ததுக்கு அப்புறம் வண்டியும் இல்ல, போறதுக்கு இடமும் இல்ல. அப்புறம் இது வந்துச்சு. உனக்குன்னு வாங்கினார். நீ பரீட்சை ரிசல்ட்டுக்குக் காத்துக்கிட்டு இருந்தே. ஒரு நாள் மத்தியானம் சும்மா உக்காந்து பார்த்தேன். அப்புறம் சும்மா சாவியைப் போட்டுப் பார்த்தேன்.

— அப்புறம் சும்மா தெருவுக்கு எடுத்துட்டுப் போனே.

— ஆமா.

— அப்பா எங்கே இருப்பார் அப்ப?

— தூங்குவார். மத்தியானத்துக்கு மேல கடல் காத்து வந்துடும், ஈரப் பெயிண்ட்ல உப்பு உக்காரும்னு அவர் வேலையை முடிச்சுட்டு வந்துடுவார்ல. சாப்பிட்டு, தலையணையை மூஞ்சி மேல வச்சுக்கிட்டுப் படுத்தார்னா இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். நான் தெருமுனை வரைக்கும் தள்ளிக்கிட்டுப் போய்த்தான் கிளப்புவேன். யாராவது கேட்டா நூல் வாங்கப் போறேன்பேன்.

— அடிப்பாவி அம்மா. சாவி?

— என் ஊசி டப்பாலதான் இருக்கு. வீட்லயே ஈரம் படாத இடம் அதுதான்னு அவரே கொண்டு வந்து வச்சார்.

— பெட்ரோல்?

— அதுதான்டி எனக்கும் புரியல. முள் இறங்கவே மாட்டேங்குது. நானும் எவ்வளவோ ஓட்டறேன், அது நின்ன இடத்துலயே நிக்குது. உப்புக் காத்துல முள்ளு மாட்டிக்கிச்சு போல.

— முள்ளு மாட்டிக்கிச்சு.

— ஆமா, நம்ம சுவர்க் கடிகாரம் நின்னு போகல? அது மாதிரி.

— ம். ... எங்கே போவே?

— சொன்னா சிரிப்பே.

— நான் சிரிக்கற நிலைமைலயா இருக்கேன்?

— பாலத்தைத் தாண்டி, மேட்டுல ஏறினா, பழைய சுங்கச்சாவடி ஒண்ணு இருக்குல்ல? இப்ப யாரும் இல்லாமக் கிடக்குதே. அதுக்குப் பின்னாடி ஒரு சிமெண்ட் பெஞ்சு இருக்கு. அங்க போய் உக்காருவேன்.

— யாரைப் பார்க்க?

— சீ, போடி. தலை காய வைக்க.

— என்னது?

— தலை காய வைக்கத்தான். அந்த மேட்டைத் தாண்டினா கடல் காத்து கிடையாது. காஞ்ச காத்து. எங்க ஊர்க் காத்து மாதிரி. இங்க நான் தலைக்குக் குளிச்சா அடுத்த தடவை குளிக்கற வரைக்கும் காயாதுடி. கழுத்துல ஒட்டும், பிடரில ஒட்டும், படுத்தா தலையணையோட ஒட்டும். கல்யாணம் ஆகி வந்த நாள்லேர்ந்து என் உடம்பு எனக்குக் காஞ்சதே கிடையாது. எங்க ஊர்ல துணியை உதறினா படார்னு சத்தம் கேக்கும். இங்க உதறினா சளக்னு ஒரு சத்தம். அங்க போய் முடியை அவுத்துப் போட்டுக்கிட்டு உக்காந்தேன்னா, கொஞ்ச நேரத்துல சருகு மாதிரி ஆயிடும். ஒவ்வொரு முடியும் தனித்தனியா. விரலை விட்டா அப்படியே வழுக்கிக்கிட்டுப் போகும். அவ்வளவுதான். அப்புறம் பின்னிக்கிட்டு வந்துடுவேன்.

— இதுக்காகத்தான் என்னை வண்டியைக் கேக்காதேன்னு சொன்னியா?

— ஆமா.

— நான் பஸ்ல நின்னு செத்துக்கிட்டு இருக்கேன். வேலை போகப் போகுது. நீ தலை காய வைக்கறே.

— ஆமாடி. வெக்கமாத்தான் இருக்கு. தினமும் இன்னிக்குச் சொல்லிடணும், நாளைக்குச் சொல்லிடணும்னு நினைப்பேன். மத்தியானம் ஆனா கால் தானா கொட்டகைக்குப் போயிடும். தாய்தான், இல்லங்கல. ஆனா அந்தப் பெஞ்சுல உக்காந்திருக்கறப்ப நான் யாருக்கும் தாய் இல்லடி. கோவிச்சுக்காதே.

— கோவமாத்தான் இருக்கேன். பொங்கிக்கிட்டு வருது. யார் மேலன்னுதான் தெரியல. நீ அப்பாகிட்ட நேரா கேட்டிருக்கலாம்ல? மனுஷன் கடிச்சுத் தின்னுடுவாரா?

— கேட்டு, இல்லன்னு சொல்லிட்டார்னா? கேக்காத வரைக்கும் யாராலயும் இல்லன்னு சொல்ல முடியாது பாரு.

— இதைத்தான் எனக்கும் சொல்லிக் கொடுத்தே.

— எனக்குத் தெரிஞ்சதைத்தானேடி சொல்லிக் கொடுக்க முடியும்.

— ஹெல்மெட் போட்டுக்கறியா?

— ஹெல்மெட்டா? அதுக்கு அவர்கிட்டல்ல போய்க் கேக்கணும்.

— அறிவிருக்கா உனக்கு? அந்தப் பாலத்து மேல, அந்த மணல்ல, வெறும் தலையோட! எங்க ஆஸ்பத்திரிக்கு எத்தனை மண்டை வருது தெரியுமா உனக்கு?

— சரி, இனிமே எதுக்கு? நான் நிறுத்திடறேன். நீ எடுத்துக்கோ. அவர்கிட்ட நானே சொல்லி வாங்கித் தர்றேன். இவ்வளவு நாள் அனுபவிச்சாச்சு, போதும். உன் வேலைதான் முக்கியம். நிஜமாத்தான் சொல்றேன். ... பேசாதே, இறங்கி வர்றார்.

— நல்லவேளை, முழுசா நமுத்துப் போறதுக்குள்ள எடுத்துட்டேன். இந்தத் தலையணையை முகர்ந்து பாரு, இன்னும் வெயில் வாசனை போகல. இது உன்னோடது, தனியா வை. ... என்ன, ரெண்டு பேரும் இங்க நிக்கறீங்க? உறை ஏன் தரைல கிடக்குது?

— நான்தான் பிரிச்சேன்ப்பா.

— சரி.

— சரியா? திட்ட மாட்டீங்களா?

— மாடில நின்னு யோசிச்சேன். அந்த மனுஷனுக்குப் பல்லு உடைஞ்சதைச் சொன்னியே, அது மனசுலயே நிக்குது. இந்தா, உன் ஊசி டப்பாவை எடுத்துட்டு வா.

— எ... எதுக்குங்க?

— சாவி அதுலதானே இருக்கு. எடுத்துட்டு வாயேன். ... ம். பிடி பாப்பா. வண்டி உன்னோடது. வாக்குன்னா வாக்கு.

— அப்பா?

— ஆனா ஒண்ணு. மத்தியானம் மட்டும் வண்டி வீட்ல நிக்கணும்.

— என்னது?

— தினமும் வேண்டாம். வாரத்துல ரெண்டு மூணு நாள். சாப்பாட்டுக்கு வந்து விட்டுட்டு, அப்புறம் சாயங்காலமா...

— ஆஸ்பத்திரி லேப்லேர்ந்து சாப்பாட்டுக்கு வந்து வண்டியைக் கொட்டகைல விட்டுட்டு நான் பஸ்ல திரும்பிப் போகணுமா? எதுக்கு?

— மத்தியான வெயில் இருக்கு பாரு... இரும்பு சூடேறும். சூடேறின இரும்புல உப்பு பட்டா... அது ஒரு கணக்கு. உனக்குப் புரியாது.

— நான் கெமிஸ்ட்ரி படிச்சிருக்கேன்ப்பா. அப்படி ஒரு கணக்கே கிடையாது.

— புஸ்தகத்துல இருக்காது. அனுபவத்துல வர்றது.

— அப்பா, என்னைப் பாருங்க. நீங்க மத்தியானம் தூங்கறீங்களா?

— தூங்காம? விடியக்காலைல எழுந்து ஏணில ஏறற உடம்பு.

— நல்லாத் தூக்கம் வருதா?

— இடி விழுந்தாலும் தெரியாது.

— தலையணை எங்கே இருக்கும்?

— மூஞ்சி மேல. இதென்ன கேள்வி?

— ஒண்ணுமில்ல. நல்லாத் தூங்குங்க. ... இந்தாங்க, சாவி.

— ஏன்?

— எனக்கு வேண்டாம். வாரத்துல ரெண்டு நாள் வீட்ல நிக்கணும், குடிக்கற தண்ணில கழுவக் கூடாது, கண்ணாடிக்கு சாக்ஸ் போடணும். இந்த வண்டியைக் கட்டி மேய்க்க எனக்குப் பொறுமை கிடையாது. டப்பாலயே போட்டு வைங்க.

— பாப்பா, அந்தக் கணக்கை விட்டுடறேன். முழுசா எடுத்துக்கோ. தினமும் எடுத்துக்கோ.

— ஆமாடி, எடுத்துக்கோ. அப்பாவே கொடுக்கறார்ல? வாங்கிக்கோயேன்.

— நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் கொடுக்காதீங்க. எனக்கு அழுகை வந்துடும், அப்புறம் அசிங்கமாத் திட்டிடுவேன். நான் ஹாஸ்டலுக்குப் போறேன்.

— எப்போ?

— இப்போ. நாளைக்குக் காலைல லேப் திறக்கறது நான். கதவுக்குப் பின்னாடி பாருங்க, பை கட்டி வச்சிருக்கேன்.

— எப்போடி கட்டினே?

— நேத்தே. மேடம்கிட்டயும் நேத்தே சொல்லிட்டேன். கட்டில், அலமாரி எல்லாம் ஒதுக்கியாச்சு.

— அப்ப எதுக்கு வந்து சாவியைக் கேட்டே? எங்களைக் கலங்க அடிக்கவா?

— கேக்காமயே போனேன்னு இருக்கக் கூடாதுல்லப்பா. நீங்க இல்லன்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன். சண்டை போட்டுட்டு, கேட்டைப் படார்னு சாத்திட்டு, திரும்பிப் பார்க்காமப் போகணும்னுதான் கட்டி வச்சேன். அதையும் கெடுத்துட்டீங்க.

— வாரா வாரம் வந்துடுவேல்ல பாப்பா?

— வருவேன். அப்பா, பைல என்னத்தைத் திணிக்கறீங்க?

— தீப்பெட்டி. அரிசிப் பானைலேர்ந்து எடுத்தது, நமுக்கல. அப்புறம் துணிக்கு மரக் கிளிப்பு. கம்பி வச்சது போடாதே, வெள்ளைத் துணில கறை விழும்.

— அங்க உப்புக் காத்து கிடையாதுப்பா. மேட்டுக்கு அந்தப் பக்கம்.

— அப்படியா? அங்க எப்படி வாழறதுன்னு எனக்கு ஒண்ணும் தெரியாதே. சொல்லி அனுப்ப என்கிட்ட எதுவுமே இல்லையே பாப்பா.

— கிளிப்பு இருக்கட்டும். கொடுங்க. ... அம்மா, இங்க வா. கிட்ட வா. ஹாஸ்டல்ல ஒரு மொட்டை மாடி இருக்கு. நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். கைப்பிடிச் சுவர் ஓரமா உக்காரலாம். சுங்கச்சாவடியைவிட நல்ல காத்து. புரியுதா?

— புரியுதுடி.

— அழாதே. கழுத்தெல்லாம் ஒட்டுது. விடு, நான் கிளம்பறேன்.

— பார்த்துப் போடி. ... போயிட்டா. கேட்டை எவ்வளவு மெதுவா சாத்திட்டுப் போறா பாருங்க. எப்பவும் தூணே ஆடற மாதிரி அடிப்பா.

— பை கனம். தோள் ஒரு பக்கமா சாயுது பாரு.

— பஸ் ஸ்டாப் வரைக்கும் இந்த வெயில்ல எப்படித்தான் தூக்கிக்கிட்டுப் போகப் போறாளோ.

— அதுக்கு ஏன் நின்னு அழுதுக்கிட்டு இருக்கே? நீ போய் ஏத்திக்கோ. ஹாஸ்டல் வரைக்கும் கொண்டு போய் விட்டுட்டு, மொட்டை மாடில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வா.

— நானா? என்னங்க சொல்றீங்க? எதுல ஏத்திக்கிட்டு?

— சாவியைத் திரும்ப உன் டப்பாலயே போட்டுட்டேன். நேத்துதான் கேன்ல வாங்கிட்டு வந்து பெட்ரோல் ரொப்பினேன். ஹெல்மெட் ரெண்டு வாங்கி அரிசிப் பானைக்குப் பின்னாடி வச்சிருக்கேன், என்னிக்காவது நீ கேப்பே, எடுத்துக் கொடுக்கலாம்னு. அப்புறம், பாலத்து மேல மணல் கிடக்கும். அங்க மட்டும் முன் பிரேக்கைத் தொடாதே. அந்த டிஸ்க்கைப் பார்த்தாலே தெரியுது, நீ எப்பவும் அதைத்தான் பிடிக்கறே.